சுற்றுக்கு வெளியே நின்ற வரி

பரிசோதனைக்கூடத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். அடுத்தவர் எழுதிய கணினி நிரலில் ஒரு புள்ளி பிசகினாலும் பிடித்துவிடுவாள். தான் எழுதியதில் மட்டும் அந்தக் கண் ஏன் தூங்கிப்போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

பயணிகள் கப்பல் மூழ்கி மாதங்கள் ஆகிவிட்டன. கரை ஒதுங்கிய உடல்களின் மரபணுவை, தேடி வந்த குடும்பங்களின் மரபணுவோடு ஒப்பிடும் நிரலை அவள்தான் எழுதினாள். சித்தியின் ஒரே மகனும் அந்தக் கப்பலில் போனவன். சித்தப்பா எப்போதோ காலமாகிவிட்டதால் சித்தி மட்டும் வந்து மாதிரி கொடுத்திருந்தாள். தினமும் காலையில் போன் வரும்.

“இன்னிக்கும் இல்லதானே?”

“இல்ல சித்தி.”

“அப்ப எங்கயோ நல்லா இருக்கான்” என்று சொல்லி வைத்துவிடுவாள். அந்த ‘இல்லை’யைப் பிடித்துக்கொண்டுதான் சித்தி நாளை ஓட்டினாள். உண்மையைச் சொன்னால், இவளும் அப்படித்தான்.

ஒருநாள், மனைவியை இழந்த ஒருவர் பிணவறைக்கு வந்து, கணுக்காலில் இருந்த தையல் தழும்பை வைத்துத் தன் மகளை அடையாளம் காட்டினார். அவருக்குப் பொருத்தம் எதுவுமே இல்லை என்று நிரல் அடித்துச் சொல்லியிருந்தது. கையால் சரிபார்த்தபோது அவர் சொன்னதுதான் சரி. மேலாளர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலை.

அவள் நிரலைத் திறந்தாள். ஒன்றுக்குள் ஒன்றாக, திரும்பத் திரும்ப ஓடும் இரண்டு சுற்றுகள். வெளிச்சுற்றில் ஒவ்வொரு குடும்பமாக வரும்; உள்சுற்று அந்தக் குடும்பத்தை ஒவ்வொரு உடலோடும் ஒப்பிட்டு, மிக உயர்ந்த மதிப்பெண்ணை ‘மாறி’ என்ற ஒரு நினைவுப் பெட்டியில் வைத்துக்கொள்ளும். அடுத்த குடும்பம் வரும்போது அந்த மாறி மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். அவளோ அதைப் பூஜ்யமாக்கும் வரியை இரண்டு சுற்றுக்கும் வெளியே வைத்திருந்தாள். முந்தைய குடும்பத்தின் மதிப்பெண் அழியாமல் அப்படியே நின்றது. தாயும் தகப்பனும் சேர்ந்து மாதிரி கொடுத்தால் மதிப்பெண் அதிகம். அவர்களுக்குப் பின்னால் வந்த ஒற்றை ஆட்களால் அதைத் தாண்ட முடியவில்லை. துணையில்லாதவர்களாகப் பார்த்து ஏமாற்றியிருக்கிறது. கணினிக்கு வஞ்சகம் தெரியாது, சொன்னதைத்தான் செய்தது. சொன்னவள் இவள்.

சித்தியும் ஒற்றை ஆள் என்பது அப்போதுதான் உறைத்தது.

“உங்க சித்தியும் இதுல வராங்க. வேணும்னா நான் ஓட்டிப் பாக்கறேன்” என்றார் மேலாளர்.

“வேணாம் சார். நான் போட்ட முடிச்சு.”

ஒரே வரி. அதை வெட்டி வெளிச்சுற்றுக்குள் ஒட்டினாள். ஓட்டத்தான் கை வரவில்லை. ஓட்டாதவரை சித்திக்கு அவன் உயிரோடு இருப்பான். ஆனால் மற்ற தாய்மார்களும் இதே வரியில்தான் மாட்டிக்கொண்டிருந்தார்கள். மனதைக் கல்லாக்கிக்கொண்டு அழுத்தினாள். சித்தியின் பெயருக்கு எதிரே ஓர் உடலின் எண் வந்தது. கையால் பார்த்தார்கள். அவன்தான்.

சித்தி கதவைத் திறந்ததும் இவள் முகத்தைப் பார்த்தாள்.

“போன் பண்ணாம நேர்ல வந்திருக்கே.”

“நான் எழுதினதுல தப்பு சித்தி. அவன் முதல்லேர்ந்தே அங்கதான் இருந்திருக்கான்.”

“தினமும் இல்லன்னு சொன்னியே.”

“ஆமா.”

“இப்ப சொல்றதும் தப்பா இருக்கலாம்ல?”

“இல்ல சித்தி. கையாலயும் பாத்துட்டோம்.”

சித்தி அடிப்பாள் என்று இவள் நினைத்தாள். சித்தியோ குனிந்து செருப்பைத் தேடினாள்.

“கெளம்பு. புள்ளைய இத்தன நாளா அங்க தனியா போட்டுட்டு, நான் இங்க சந்தோஷமா இருந்திருக்கேன்.”