எண்ணிக்கை சரிதான்

ஆக்ஸிஜன் முகமூடியைச் சற்றே விலக்கி, ஈரப் பஞ்சால் அக்காவின் உதட்டை ஒற்றினான் தம்பி. கிடைத்த இடைவெளியில் அவள், "இன்னிக்கு நீ லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குப் போகலியா?" என்றாள்.

"ஒரு நாள் படியேறினா யாருக்கும் கால் தேயாது."

சிரிக்கப் போனவளை இருமல் பிடித்துக்கொண்டது.

ரத்தப் புற்றுநோய் அடங்கிவிட்டது என்று டாக்டர் சொல்லி ஆறேழு மாதம் இருக்கும். தலைமுடி முளைத்ததுமே அக்கா பள்ளிக்கூட வேன் சாவியைக் கையில் எடுத்துவிட்டாள். "வீட்டுலயே அடை காக்க நான் என்ன கோழியா?" என்றாள். போன வாரம் வேனில் ஒரு பிள்ளைக்குச் சளி. எல்லாப் பிள்ளைகளும் மூக்கைச் சிந்திவிட்டு விளையாடப் போய்விட்டன. அக்காவுக்கு மட்டும் அது நெஞ்சில் இறங்கியது.

ஆஸ்பத்திரி நடையில் டாக்டரை மறித்தான் தம்பி.

"புத்து திரும்பிடுச்சா சார்?"

"இல்லப்பா. அதோட சுவடே இல்ல."

"வெள்ளையணு எண்ணிக்கையும் சரின்னுதானே சொன்னீங்க?"

"எண்ணிக்கை சரிதான். ஆள் இருக்கு, வேலை நடக்கல. நோயும் மருந்தும் அடிச்ச அடியில, கிருமியோட சண்டை போடற அணுக்கள் இன்னும் தெளியல. அதுக்கு நாளாகும்."

"என் ரத்தத்துலேருந்து எடுத்துக் குடுங்க சார். எனக்குச் சளியே பிடிக்காது."

டாக்டர் அவன் தோளைத் தொட்டார். "அப்படிக் குடுக்க முடியாதுப்பா."

பழுது எங்கே என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பான் அவன், கூட வேலை செய்கிறவர்களிடம். இப்போது தெரிந்துதான் இருந்தது. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் கட்டிலருகே வந்து நின்றான்.

"வேன்ல பின் டயர்ல காத்து கம்மி," என்றாள் அக்கா. "பிள்ளைங்க ஏறுறதுக்குள்ள பாத்துடு."

"பாத்துடறேன்க்கா."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. சாயங்காலம் வரை இழுத்த மூச்சு, பஞ்சை நனைக்க அவன் திரும்பிய நேரத்தில் நின்றுபோயிருந்தது.

மறுநாள் வீடு கொள்ளாத கூட்டம். கை கழுவாத யாரையும் ஒரு வருஷமாக அவன் உள்ளே விட்டதில்லை. இருமினால் வாசலோடு சரி. தாய்மாமா தள்ளாடி வந்து அக்காவின் முகத்தருகே குனிந்தார். நெஞ்சு குலுங்க இருமினார். தம்பி ஆட்களை விலக்கிக்கொண்டு பாய்ந்து வந்து அவர் தோளைப் பிடித்தான்.

மாமா திரும்பிப் பார்த்தார். "என்னப்பா?"

"ஒண்ணுமில்ல மாமா."

நாற்காலி ஒன்றை இழுத்து அவள் தலைமாட்டில் போட்டான். "பக்கத்துலயே உக்காருங்க."