கரண்டியின் கடைவாய்ப் பல்

கரண்டிக்கு வாய் நாறத் தொடங்கியபோது அவள் அதை முதலில் சொன்னது கணவனிடம். கணவன் முதலில் சொன்னது தன் அக்காவிடம். அந்த வீட்டில் எல்லாமே இப்படித்தான்.

கரண்டி அவளுடைய நாய். அவள் வீட்டிலிருந்தே திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். துணி எடுக்கப் போன கடையின் பின்பக்கம் அட்டைப்பெட்டியில் முனகிக்கொண்டிருந்த குட்டியை வெட்டுத்துணியில் சுற்றித் தூக்கி வந்தாள். காது இரண்டும் கரண்டியைக் கவிழ்த்த மாதிரி தொங்கியதால் அந்தப் பெயர். பகல் முழுக்க அவள் தையல் மிஷினுக்கு அடியில்தான் படுத்திருக்கும். ஆனால் மாடிப்படியில் நாத்தனாரின் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், அவள் காலை மிதித்துக்கொண்டு வாசலுக்கு ஓடும். சோறு போடுவது ஒருத்தி, வாலாட்டுவது இன்னொருத்திக்கு. ஒவ்வொரு முறையும் அவளுக்கு வயிறு எரியும்.

கணவனும் அப்படித்தான். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை அவனுக்கு. எத்தனை மாடி உயரத்தில் தொங்கினாலும் பதறாதவன், வீட்டுச் சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்று முடிவெடுக்க மட்டும் அக்காவுக்குப் போன் போடுவான். தாயில்லாத வீட்டில் அவனைத் தூக்கி வளர்த்தவள் அக்கா. அது அவளுக்கும் தெரியும். தெரிந்ததால் எரிச்சல் குறைந்துவிடவில்லை.

"டாக்டர்கிட்ட காட்டிடலாங்க. பல்லுல ஏதோ கோளாறு."

"அக்கா ஏதோ கொண்டு வரேன்னு சொல்லியிருக்கா. அதைப் பாத்துட்டுப் போலாம்."

நாத்தனார் செடி விற்கும் நர்சரியில் வேலை பார்த்தாள். நகக்கண்ணில் மண்ணோடு வந்தவள், பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்தாள். "சுத்தமான கிராம்புத் தைலம். ஒரு கலப்படமும் கிடையாது. தினம் படுக்கறதுக்கு முன்னாடி ஈறுல நல்லா தேய்ச்சு விடு தம்பி. நாத்தம் இருந்த இடம் தெரியாது."

"நாய்க்கு அதைக் கொடுக்கலாமா அண்ணி? அது அப்படியே முழுங்கிடுமே?"

அது நியாயமான கேள்விதான். ஆனால் அவள் குரல் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை, குத்தலாகக் கேட்டது. நாத்தனாரின் முகம் சட்டென்று சுருங்கியது.

"மனுஷங்க பல்லுக்கே வைக்கிறதும்மா இது. இயற்கையானது என்ன பண்ணிடப்போகுது?"

"அக்காவுக்குத் தெரியாதா?" என்றான் கணவன். அதற்கு மேல் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது.

தைலம் வேலை செய்தது. அதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது. கொஞ்ச நாளில் நாற்றம் அடங்கி, நாய் கொட்டாவி விட்டால் கிராம்பு மணத்தது. கணவன் பக்கத்து வீட்டுக்காரரை நிறுத்திவைத்து அக்காவின் கைராசியைப் பற்றிப் பேசினான். நாத்தனாருக்கு வாயெல்லாம் பல். "நீ பயந்தியே, பாத்தியா?" என்று அவள் முதுகில் செல்லமாகத் தட்டினாள். அவள் சிரித்துவைத்தாள். அந்த மருந்து பொய்த்துப்போக வேண்டும் என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டாள். பொய்த்தால் வலிக்கப்போவது யாருக்கு என்பதை அவள் அப்போது நினைக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை, தட்டில் வைத்ததை கரண்டி ஒரு பக்கமாகவே மெல்லுவதைக் கவனித்தாள். பாதி கீழே விழுந்தது. எச்சில் கோழையாக வழிந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஈறு வெந்துபோய் வெள்ளையாகத் தோல் உரிந்திருந்தது.

கணவனைக் கூப்பிட வாயெடுத்தவள், கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் சாப்பிட வருவாள். அன்றைக்கு அவளே பார்க்கட்டும், அவன் முன்னாலேயே பார்க்கட்டும் என்று தோன்றியது. அந்த நினைப்பு இனித்தது. உணவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கையாலேயே ஊட்டினாள். அன்றும் கணவன் குப்பியோடு உட்கார்ந்தபோது நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு முனகியது. அவள் மிஷினை இன்னும் வேகமாக மிதித்தாள்.

ஞாயிறு காலையில் கரண்டியின் வலது கண்ணுக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. முன்தினம் தின்றதையும் வாந்தி எடுத்திருந்தது. நாத்தனார் உள்ளே வந்தபோது அது வாசலுக்கு ஓடவில்லை. தரையில் தாடையை வைத்தபடி வாலை மட்டும் ஒரு தடவை அசைத்தது.

"என்னக்கா கொடுத்த நீ?" கணவன் கத்தினான். அக்காவிடம் அவன் குரல் உயர்ந்து அவள் கேட்டதே இல்லை. "எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசுவியே! இப்ப பாரு!"

நாத்தனார் கையிலிருந்த பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள். வியாழக்கிழமையிலிருந்து இந்தக் காட்சியை எத்தனை முறை மனதில் ஓட்டிப் பார்த்திருப்பாள் அவள்! இப்போது நடந்தபோது நாயின் கண் பாதி மூடியிருந்ததுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நாயின் வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தார். கண்ணுக்கு நேர் கீழே இருந்த பெரிய கடைவாய்ப் பல் விரிசல் விட்டு, வேரில் சீழ் கட்டியிருந்தது.

"என்ன தடவினீங்க?"

நாத்தனார்தான் சொன்னாள்.

"கிராம்புத் தைலம் மரத்துப்போக வைக்கும். வலி தெரியாம இருந்திருக்கு, நாத்தமும் மறைஞ்சிருக்கு. உள்ள பல்லு பாட்டுக்கு அழுகிட்டே போயிருக்கு. அதுவும் வேற எண்ணெய் எதுவும் கலக்காம அப்படியே வச்சா ஈறு வெந்துடும். மனுஷன் கொப்பளிச்சுத் துப்பிடுவான். நாய் எங்க துப்பும்? தடவினதெல்லாம் வயித்துக்குத்தான் போகும். நிறைய போனா ஈரலைப் பாதிக்கும். ரத்தம் எடுத்துப் பாத்துட்டுத்தான் மயக்க மருந்தே கொடுக்க முடியும்."

"அரளிச் செடி வாங்கறவங்ககிட்ட, குழந்தை வாயில வைக்காம பாத்துக்கோங்கன்னு தினம் சொல்றவ நான்," என்றாள் நாத்தனார், யாரையும் பார்க்காமல். "இதுக்கு ஒரு வார்த்தை கேட்கணும்னு தோணலையே."

டாக்டரம்மா எழுதிக்கொண்டே கேட்டார். "எப்போலேருந்து சரியா சாப்பிடல?"

"இன்னிக்குக் காலைலதான்," என்றான் கணவன்.

"இது ஒரு நாள்ல வந்த மாதிரி இல்ல. யாரு சாப்பாடு வைக்கிறது? சரியாச் சொல்லுங்க, மயக்கம் கொடுக்கறதுக்கு எனக்கு அது தெரியணும்."



"வியாழக்கிழமையே ஒரு பக்கமாத்தான் மென்னுச்சு," என்றாள் அவள். "ஈறும் வெந்திருந்துச்சு. பாத்தேன்."

கணவன் திரும்பினான். "பாத்தியா? பாத்துட்டு ஏன் சொல்லல?"

அப்போது நாத்தனார் குறுக்கே வந்தாள். "சும்மா இருடா. அன்னிக்கே கேட்டவ அவதான். நாமதான் காது கொடுக்கல. மறுபடி சொன்னா நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து அவ வாயை அடைச்சிருப்போம். எந்த முகத்தோட சொல்லுவா?"

கணவன் தலை குனிந்துகொண்டான். அவள் தப்பித்தாள். ஆனால் நன்றி வரவில்லை, காந்தியது. அந்த இடத்தில்கூட நல்லவளாக நிற்பதற்கு நாத்தனாரால்தான் முடிந்தது.

ரத்தப் பரிசோதனையில் ஈரல் தப்பித்திருந்தது. அந்தப் பல்லையும் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த இரண்டையும் பிடுங்கினார்கள். மயக்கம் தெளியும்வரை இரண்டு பெண்களும் கூண்டுக்கு முன்னால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கரண்டி கண் திறந்து, நாக்கை ஒரு பக்கமாகத் தொங்கவிட்டபடி தள்ளாடி எழுந்தது. அவள் கையை நீட்டினாள். அது நேராகப் போய் நாத்தனாரின் மடியில் தலை வைத்தது. நாத்தனார் அழுதாள். அவள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

புண் ஆறியதும் நாய்களுக்கென்றே செய்த பற்பசையைக் கொடுத்து, தினம் ஒரு தடவை துலக்கச் சொன்னார் டாக்டரம்மா. "இனி வாயில எது வைக்கறதா இருந்தாலும், அது இலையோ வேரோ, முதல்ல எனக்கு ஒரு போன்." கணவன் துலக்கப் போனால் கரண்டி உறுமியது. அவள் போனால் வாயைப் பூட்டுப் போட்டாற்போல் மூடிக்கொண்டது. நாத்தனார் உட்கார்ந்து, "ஆ காட்டு ராஜா" என்றால் திறந்தது. குப்பியோடு வலிக்க வலிக்கத் தேய்த்தவன் கணவன், வேடிக்கை பார்த்தவள் அவள். நாய்க்கு அந்தக் கணக்குதான் தெரியும் போல.

வேறு வழியில்லாமல் தினமும் மாலையில் அவளே போன் போட்டாள். "வர்றீங்களா அண்ணி?"

நர்சரி மண்ணைக் கழுவிவிட்டு நாத்தனார் வருவாள். அவள் நாயின் தலையைப் பிடித்துக்கொள்ள, நாத்தனார் துலக்குவாள். ஒரு மாலை துலக்கியபடியே சொன்னாள். "அந்தத் தைலத்தைக் கொண்டு வந்தப்ப, நாயை விட எனக்குத்தான் அது அவசரமா இருந்துச்சு. இப்பல்லாம் தம்பி எதுக்கும் கூப்பிடறதில்ல. முக்காவாசி உன்கிட்டயே கேட்டுக்கறான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முக்கால்வாசியா? தனக்குக் கால்வாசிகூட வந்ததாகத் தெரியவில்லையே. நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மழைக்காலத்தில் ஒருநாள் நாத்தனாருக்குக் காய்ச்சல். வர முடியவில்லை. அவள் பசையை விரலில் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "ஆ காட்டு" என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னாள். கரண்டி அவளை வெகுநேரம் பார்த்தது. பிறகு உதட்டைத் தூக்க விட்டது. பல் இல்லாத இடத்தில் ஈறு இளஞ்சிவப்பாக, வழவழவென்று இருந்தது. விரல் அங்கே பட்டபோதும் அது தலையை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் துலக்கி முடித்துவிட்டு, அதன் கழுத்தில் முகம் புதைத்து அழுதாள்.

காய்ச்சல் விட்டதும் நாத்தனார் போன் செய்தாள். "நான் வராம கஷ்டப்பட்டியா? திறந்தானா?"

திறந்தான் என்று சொல்ல நாக்கின் நுனிவரை வந்தது.

"எங்க அண்ணி! நீங்க வந்தாத்தான் திறப்பேன்னு அடம். சாயங்காலம் வந்துடுங்க."

"வர்றேன் வர்றேன்." மறுமுனையில் குரல் துள்ளியது.

சொன்ன மாதிரியே மாலையில் நாத்தனார் வந்தாள். படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் கரண்டி அவள் காலை மிதித்துக்கொண்டு ஓடியது. அவளுக்கு எரிந்தது. மிஷினை நிறுத்திவிட்டு, பற்பசையை எடுத்து வைத்தாள்.