குடும்பத்துக்கு ஒரு கட்டம்

கர்ட்டிஸ் ஆர்சனோ பத்தொன்பது வருஷமாக ஒரே அணிக்கு ஸ்கவுட்டாக இருந்தார். லூசியானாவும் மிசிசிப்பியும் அவர் பேட்டை. கல்லூரிகளில் அமெரிக்கக் கால்பந்து ஆடும் பையன்களில் யார் தொழில்முறை ஆட்டத்துக்குத் தேறுவான் என்று பார்த்து எழுதி அனுப்புவது வேலை. வருஷத்தில் இருநூறு நாள் காரிலும் மோட்டலிலும் போய்விடும். விவாகரத்துப் பத்திரத்தில் காரணம் எழுத வேண்டிய இடத்தில் அவர் மனைவி “தூரம்” என்று ஒரே சொல்லை எழுதியிருந்தாள். அதை நல்ல அறிக்கை என்றே அவர் நினைத்தார்.

அணியின் படிவத்தில் ஒவ்வொரு பையனுக்கும் முப்பத்தொரு கட்டங்கள். உயரம், எடை, கை நீளம், இடுப்பை எவ்வளவு சீக்கிரம் திருப்புகிறான், இப்படிப் போகும். கடைசிக் கட்டம் “குடும்பம்: நாம் அறிய வேண்டியது.” மற்ற ஸ்கவுட்டுகள் அதில் ஏதாவது இரண்டு வார்த்தை எழுதிக் கடந்துவிடுவார்கள். கர்ட்டிஸ் மட்டும் அதை நிரப்புவார். அவரிடம் ஆட்கள் தாமாகவே பேசினார்கள். முகம் அப்படி. பெட்ரோல் போட நின்றால்கூடப் பக்கத்து வண்டிக்காரன் தன் மூட்டுவலியைப் பற்றிச் சொல்லத் தொடங்குவான். அணியின் ஜெனரல் மேனேஜர் பிராண்ட் ஹோல்கம், புதிதாகச் சேரும் ஸ்கவுட்டுகளுக்குக் கர்ட்டிஸின் கடைசிக் கட்டங்களை மாதிரியாகக் காட்டுவது வழக்கம்.

அந்த நவம்பரில் ஜெவரிக் கில்ரி என்ற பையனுக்காக லூசியானாவில் ஓப்பலூசஸுக்கு அப்பால் ஒரு சின்ன ஊருக்குப் போனார். பையன் முன்வரிசைத் தடுப்பாட்டக்காரன். ஆறரை அடி உயரம், நூற்று நாற்பது கிலோ, கோபமே வராத சுபாவம். அவன் கல்லூரியில் இருந்தான். வீட்டில் அம்மா லோரீன் மட்டும். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. வந்தவரை உட்காரவைத்துச் சோறும் பன்றிக்கறிக் குழம்பும் போட்டாள். கர்ட்டிஸும் அந்தப் பக்கத்து லேக் சார்ல்ஸ்காரர், சோறும் குழம்பும் வைத்தால் எழுந்திருக்க மாட்டார். இரண்டாம் தடவை சோறு வாங்கும்போது அவள் தானாகச் சொல்லத் தொடங்கினாள்.

ஜெவரிக்குக்கு எட்டு வயதாக இருந்தபோது ஒருவனை நம்பி ஹூஸ்டனுக்குப் போனாளாம். மூன்றாம் மாதமே அவன் கைவிட்டுவிட்டான். திரும்பி வர வெட்கம். ஒரு மோட்டலில் அறை துடைத்துக்கொண்டு பதினான்கு மாதம் அங்கேயே கிடந்தாள். பையன் அவள் தங்கச்சி வீட்டில் வளர்ந்தான். அம்மா கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் மேடையில் சமையல் வேலைக்குப் போயிருக்கிறாள் என்று அவனிடம் சொல்லி வைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்தில் பாதிக் குடும்பங்களில் யாராவது ஒருவர் கடலில்தான் இருப்பார்கள், அதனால் அவன் சந்தேகப்படவில்லை.

“இன்னைக்கு வரைக்கும் அவனுக்குத் தெரியாது மிஸ்டர் கர்ட்டிஸ். சொல்லணும்னு பார்க்கிறேன். வாய் வரமாட்டேங்குது.”

“சொல்றதுக்கு ஒரு நேரம் வரும் மிஸ் லோரீன்” என்றார் கர்ட்டிஸ். மனமாரத்தான் சொன்னார்.

அன்று மாலை மோட்டலில் உட்கார்ந்து கடைசிக் கட்டத்தை நிரப்பினார். “பையனின் எட்டாம் வயதில் தாய் 14 மாதம் விட்டுச் சென்றார். ஹூஸ்டன், ஒரு ஆண். மகனுக்குத் தெரியாது. அப்படியும் நிதானமான பையன். தாய் நல்லவர்.” பையனுக்குச் சாதகமாகத்தான் எழுதியிருக்கிறோம் என்ற திருப்தியோடு அனுப்பினார்.

பிப்ரவரி கடைசியில் எல்லா அணிகளும் இண்டியானாபொலிஸில் கூடின. முந்நூற்றுச் சொச்சம் பையன்களை ஓடவிட்டு, குதிக்கவிட்டு, நிறுத்துப் பார்த்து, பிறகு ஹோட்டல் அறைகளில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள். கட்டிலை எடுத்துவிட்டு நாற்காலி போட்ட அறைகள். ஒருவனுக்குப் பதினைந்து நிமிஷம். நேரம் முடிந்தால் வராந்தாவில் லாரி ஹாரன் மாதிரி ஒன்றை அடிப்பார்கள்.

எதையெல்லாம் கேட்கக் கூடாது என்று அணிகளை எல்லாம் நடத்தும் லீக்கின் வக்கீல்கள் ஒரு தாள் அனுப்பியிருந்தார்கள். கல்யாணம், மதம், யாரோடு படுக்கிறான் என்பது, பெற்றோர் விவகாரம். ஹோல்கம் முதல் நாள் காலையில் அதை முழுக்க உரக்கப் படித்தார், அறையிலிருந்த ஆறு பேரிடமும் கையெழுத்து வாங்கினார், தாளைக் குளியலறைக் கதவில் ஒட்டினார். பிறகு முதல் பையன் உள்ளே வந்ததும், உன் காதலி வேறு எவனோடாவது போனால் என்ன செய்வாய் என்று கேட்டார். அவருக்கு ஒரு சித்தாந்தம் இருந்தது. அறையில் கோபப்படாதவன் மைதானத்திலும் கோபப்பட மாட்டான். இதற்கு ஆதாரம் என்ன என்று யாரும் கேட்டதில்லை.

ஜெவரிக்கின் முறை இரண்டாம் நாள் நாலு மணிக்கு வந்தது. கொடுத்திருந்த சாம்பல் நிறச் சட்டை அவனுக்குத் தொப்புள் வரைதான் எட்டியது. கர்ட்டிஸைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான். அம்மா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள் என்றான். பலகையில் கோச் பெட்ராகிஸ் கேட்ட தடுப்பு முறைகளை எல்லாம் தப்பில்லாமல் வரைந்து காட்டினான். ஒன்பது நிமிஷம் அதிலேயே போனது. பெட்ராகிஸ் சந்தோஷத்தில் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ஹோல்கம் கோப்பைத் திறந்தார்.

“உங்கம்மா உன்னை விட்டுட்டு ஓடிப்போனப்ப உனக்கு எட்டு வயசு. ஞாபகம் இருக்கா தம்பி?”

“ஓடிப்போகல சார். கடல்ல மேடையில சமையல் வேலைக்குப் போனாங்க.”

“இங்க ஹூஸ்டன்னு போட்டிருக்கு. யாரோ ஒரு ஆளோட.” ஹோல்கம் தாளைத் தன் பக்கமாகவே பிடித்துக்கொண்டார். “ஹூஸ்டன்ல கடல் மேடை இல்லையேப்பா. அங்க என்ன தொழில் பண்ணினா, தெரியுமா?”

ஜெவரிக் ஹோல்கமைப் பார்க்கவில்லை. திரும்பி, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கர்ட்டிஸைப் பார்த்தான். முப்பத்திரண்டு அணிகளில் அவன் வீட்டுக்கு வந்தது இவர் ஒருத்தர்தான். கர்ட்டிஸ் தன் ஷூவைப் பார்த்தார். அதில் பார்க்க ஒன்றுமில்லை.

“எனக்குத் தெரிஞ்சது கடல்தான் சார்” என்றான் ஜெவரிக் கடைசியில்.

“கோவம் வருதா?”

“வரல சார்.”

ஹோல்கம் ஒரு குறி போட்டார். மிச்ச நேரத்தில் முழங்கால் காயத்தைப் பற்றிக் கேட்டார்கள். ஹாரன் அடித்தது. ஜெவரிக் எழுந்து ஆறு பேருக்கும் வரிசையாகக் கை கொடுத்தான். அப்படித்தான் அவனை வளர்த்திருந்தார்கள். கர்ட்டிஸின் கையையும் மற்றவர்கள் கையைப் போலவே, கூடுதலாகவோ குறைவாகவோ இல்லாமல், பிடித்து விட்டான்.

கதவு சாத்தியதும் ஹோல்கம், “கல்லு மாதிரி இருந்தான்ல?” என்றார்.

“பாவம்யா அந்தப் பையன்” என்றார் பெட்ராகிஸ்.

கர்ட்டிஸ் வாயைத் திறந்தார். “மகனுக்குத் தெரியாதுன்னு எழுதியிருந்தேன்.”

“படிச்சேனே” என்றார் ஹோல்கம். “அதனாலதான் கேட்டேன். நல்லா எழுதியிருந்தப்பா.”

அடுத்த பையன் உள்ளே வந்தான். அன்றைக்கு இன்னும் ஏழு பேர் பாக்கி. கர்ட்டிஸ் எல்லோருக்கும் உட்கார்ந்திருந்தார். ஏழு பேருடைய பெயரும் பிறகு அவருக்கு நினைவில் இல்லை.

மறுநாள் காலை மருத்துவப் பரிசோதனை நடக்கும் இடத்துக்குப் போய் ஜெவரிக்கைத் தேடிப் பிடித்தார். ஒரே முழங்காலை ஒன்பது அணிகளின் டாக்டர்கள் ஒவ்வொருவராக இழுத்துப் பார்க்க வேண்டும். நாலு பேர் முடிந்து ஐந்தாமவருக்காகப் பெஞ்சில் காத்திருந்தான்.

“அது உண்மையா சார்?” என்று கேட்டான், வணக்கம்கூடச் சொல்லாமல்.

“அதை நான் சொல்லக் கூடாதுப்பா. உங்கம்மாவைக் கேளு.”

“நேத்து உங்க தாளுதானே சொல்லிச்சு.”

கர்ட்டிஸ் மன்னிப்புக் கேட்டார். ஜெவரிக் தலையாட்டினான். ஏற்றுக்கொண்டதற்கா, காதில் விழுந்தது என்பதற்கா, தெரியவில்லை. உள்ளேயிருந்து அவன் எண்ணைக் கூப்பிட்டார்கள். போய்விட்டான்.

அவன் அம்மாவைக் கூப்பிடுவதற்குள் தான் கூப்பிட்டாக வேண்டும் என்று கர்ட்டிஸுக்குத் தோன்றியது. வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. ஒரு பார்க்கிங் கட்டடத்தின் படிக்கட்டில் நின்று போன் போட்டார். லோரீன் சமையலறையில் இருந்தாள், தட்டுகளின் சத்தம் கேட்டது. நடந்ததை வரிசையாகச் சொன்னார். தன் பங்கை விடாமல் சொன்னார்.

“எழுதினீங்களா?” என்றாள் முடிவில்.

“எழுதினேன்.”

“அதையெல்லாம் எழுதறதுக்கு இடம் விட்டிருப்பாங்களா?”

“ஒரு கட்டம் இருக்கு.”

“கட்டம்” என்றாள். “நானூறு பிள்ளைங்க சாப்பாட்டுக்கு வரிசையில நிக்குது மிஸ்டர் கர்ட்டிஸ்.” போனை வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே அவள் லீவு போட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள் என்பதும், பதினாலு மணி நேரம் தனியாக ஓட்டி இண்டியானாபொலிஸ் வந்து சேர்ந்தாள் என்பதும் அவருக்குப் பின்னால்தான் தெரியவந்தது. அம்மாவும் மகனும் ஒரு பான்கேக் கடையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்களாம். அதற்குப் பிறகு அவன் நாற்பது கஜ ஓட்டம் ஓடினான். எதிர்பார்த்ததைவிட மெதுவாகத்தான் ஓடினான்.

ஜெவரிக் யாரிடமும் புகார் சொல்லவில்லை. ஆனால் அவனுடைய ஏஜென்ட் இரண்டு வாரம் கழித்து எப்படியோ தெரிந்துகொண்டு லீக்குக்கு எழுதிவிட்டான். அறையில் இருந்த ஆறு பேரும் நடந்ததை எழுத்தில் தர வேண்டும் என்று லீக் கேட்டது. அணியின் வக்கீல் அலுவலகம் வேலையை எளிதாக்கித் தந்தது. அப்படி எந்தக் கேள்வியும் கேட்கப்படவில்லை என்று ஒரு பத்தி தட்டச்சு செய்து ஆறு பிரதி எடுத்திருந்தார்கள். கையெழுத்து மட்டும் போட்டால் போதும். கில்ரியின் பெயரை அதில் தப்பாக அடித்திருந்தார்கள்.

கர்ட்டிஸ் தன் பிரதியை எடுத்துக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தார். பிறகு பின்பக்கத்தைத் திருப்பி, பேனாவால் எழுதினார். பத்தாவது நிமிஷத்தில் யார் என்ன கேட்டார், என்ன பதில் வந்தது, எந்தச் சொல். தன் அறிக்கையிலிருந்துதான் அந்தக் கேள்வி வந்தது என்றும் எழுதினார். பத்தொன்பது வருஷமாகக் கேட்டதைக் கேட்டபடி எழுதிப் பழகிய கை, தயங்கவில்லை. பையனின் பெயரைச் சரியாக எழுதிக் கையெழுத்திட்டார். லீக்குக்கு ஐந்து ஒரே மாதிரியான கடிதமும் இது ஒன்றும் போய்ச் சேர்ந்தன. ஐந்திலும் பெயர் தப்பாக இருந்ததாலேயே ஆறாவதை நம்பினார்கள் என்று பிற்பாடு யாரோ சொன்னார்கள்.

அணிக்கு அபராதம் விழுந்தது. ஹோல்கம் இரண்டு நாள் வகுப்பு ஒன்றுக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கிவந்து அறையில் மாட்டினார். கர்ட்டிஸிடம் அவர் கோபப்படவில்லை. பார்த்தால் விசாரித்தார், சிரித்தார். புதுப் பையன்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில் ஜெவரிக்கை மேற்குக் கரை அணி ஒன்று மூன்றாம் சுற்றில் எடுத்தபோது, நம்ம கையிலிருந்து போச்சே என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். மே மாதம் ஸ்கவுட்டுகளின் ஒப்பந்தங்கள் முடிந்தன. எல்லோருக்கும் புதுப்பித்தார்கள். கர்ட்டிஸின் பேட்டையை மட்டும் இரண்டாகப் பிரித்து அக்கம்பக்கத்து ஸ்கவுட்டுகளிடம் கொடுத்தார்கள். அணி கொடுத்திருந்த காரைத் திருப்பித் தரச் சொல்லி ஒரு கடிதம் வந்தது. அதில் இவ்வளவு காலச் சேவைக்கு நன்றி என்றும் இருந்தது.

ஜூனில் சொந்தமாக ஒரு பழைய வண்டி வாங்கியதும் அவர் முதலில் ஓட்டிப்போனது லோரீன் வீட்டுக்குத்தான். ஜெவரிக் கதவைத் திறந்தான். பயிற்சிக்குக் கிளம்புமுன் ஒரு வாரம் வீட்டில் இருந்தான். அம்மா கடைக்குப் போயிருக்கிறாள் என்றான். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. இருவரும் வாசலிலேயே நின்று புதிய அணியைப் பற்றியும் அங்கே வீட்டு வாடகை ஏறிக்கிடப்பதைப் பற்றியும் பேசினார்கள்.

“இன்னும் கோவம் இருக்காப்பா?” என்று கேட்டுவிட்டார் கர்ட்டிஸ். கேட்ட பிறகுதான் அது ஹோல்கமின் கேள்வி என்று உறைத்தது.

“நீங்களும் கேக்கறீங்க” என்றான் ஜெவரிக். “அம்மா மேல இல்ல சார். மூணாங் கிளாஸ்ல எங்கம்மா கடல்ல வேலை பாக்குறாங்கன்னு எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டேன். அந்தப் பயலுகளைப் பார்த்தா இப்ப கூச்சமா இருக்கு. அவ்வளவுதான்.”

அப்போது லோரீனின் கார் வந்து, உள்ளே கர்ட்டிஸின் வண்டி இருந்ததால் தெருவிலேயே நின்றது. பைகளோடு இறங்கி, நேராகக் கர்ட்டிஸிடம் வந்தாள். வேலை போனது அவள் காதுக்கு எட்டியிருந்தது. அதற்காக வருத்தம் என்றாள், சொல்ல வேண்டிய முறையிலேயே சொன்னாள்.

“அவன்கிட்ட சொன்னதுல எனக்குப் பாரம் எறங்கிடுச்சு. அது உண்மை” என்றாள். “ஆனா அதுக்காக உங்களுக்கு நான் நன்றி சொல்லப்போறதில்ல. பதினாலு வருஷமா அது என் வாயில இருந்துச்சு. என்னைக்கு, எப்படின்னு நான்ல முடிவு பண்ணியிருக்கணும்? யாரோ ஒருத்தன் பையன் முகத்துல அதை விட்டெறிஞ்சான். எடுத்துக் கொடுத்தது நீங்க.”

“ஆமா” என்றார் கர்ட்டிஸ்.

அவள் தலையசைத்தாள். கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டவள் போல இருந்தது அது. ஜெவரிக் வந்து அவள் கையிலிருந்த பைகளை எல்லாம் ஒரே கையில் வாங்கிக்கொண்டான். அவள் உள்ளே போனாள். அவன் படியேறப் போனவன் நின்று திரும்பினான்.

“சார், வண்டியைக் கொஞ்சம் எடுக்கறீங்களா? அம்மா காரை உள்ள விடணும்.”

கர்ட்டிஸ் வண்டியைப் பின்னுக்கு எடுத்துத் தெருவில் இறக்கினார்.