பூ கேட்டவர்

எங்கள் நாட்டுக் கால்பந்து அணி கண்டக் கோப்பையில் ஆடிய வரலாற்றை, அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடலாம். முதல் தடவை போனபோது எல்லா ஆட்டத்திலும் தோற்றார்கள். இரண்டாவது தடவை ஒரே ஒரு கோல், அதுவும் எதிரணிக்காரன் போட்டுக்கொண்ட சேம்சைடு கோல். மூன்றாவது தடவை யாருக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, அரையிறுதி வரைக்கும் போய்விட்டார்கள். அதற்கப்புறம் போன தடவையெல்லாம் முதல் சுற்றோடு மூட்டை கட்டியவர்கள்தான்.

அந்த மூன்றாவது தடவை கேப்டனாக இருந்தவர் என் மாமனார்.

அரையிறுதியில் இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. கூடுதல் நேரமும் சும்மா போயிற்று. அந்தக் காலத்து விதியில் பெனால்டி உதையெல்லாம் கிடையாது. நடுவர் இரண்டு கேப்டன்களையும் தன் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நாணயத்தைச் சுண்டினார். எந்த நாட்டு நாணயமாக இருந்தால் என்ன, நம் வாய்க்கு ஒரு பக்கம் பூ, மறுபக்கம் தலை. கதவு திறந்ததும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மாமாதான் முதலில் வெளியே வந்தார். பூ கேட்டேன், தலை விழுந்தது என்றார். இறுதி ஆட்டம் எதிரணிக்குப் போயிற்று.

அன்றைக்கு அவர் தடுத்த பந்துகள் எத்தனையோ. ஒருத்தருக்கும் ஒன்றும் ஞாபகமில்லை. ‘பூக்கேப்டன்’ என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நாங்கள் பெண் பார்க்கப் போன இடத்தில், என் அப்பா என் காதோடு கேட்டது பெண்ணைப் பற்றி அல்ல. “இவர் அந்தப் பூ கேட்டவர்தானே?” என்றுதான் கேட்டார். பள்ளிக்கூடத்தில் என் மனைவியைப் பூப்பொண்ணு என்று கூப்பிட்டே அழ வைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் அவள் சேலையிலோ சட்டையிலோ பூப்போட்ட துணி வாங்குவதில்லை.

துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மாமா என் ரொட்டிக்கடைக் கல்லாவில் உட்கார ஆரம்பித்தார். வேண்டாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். நான் பயந்தபடியே, பன் வாங்க வருகிற ஒவ்வொரு வெட்டிப்பயலும் சில்லறையைச் சுண்டிவிட்டு, “பூவா தலையா, கேப்டன்?” என்று கேட்பான். மாமா சிரித்துக்கொண்டே மீதியைக் கொடுப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். சூடான தட்டோடு கடைக்குள்ளிருந்து ஓடி வந்து ஒருவனைத் தெரு முனை வரைக்கும் துரத்தியிருக்கிறேன். அதற்கு மாமா என்னைத்தான் கோபித்துக்கொண்டார்.

இந்த வருடம் கண்டக் கோப்பை எங்கள் ஊரிலேயே நடந்தது. எங்கள் பையன்கள் எப்படியோ தட்டுத்தடுமாறி அரையிறுதிக்கு வந்து சேர்ந்தார்கள். எதிரணி யாரென்றால், அதே அணி. டிவிக்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒரு செய்தியாளர் பெண் கேமராவோடு கடைக்கு வந்தாள். மாமா வழக்கம்போல ஒரே வரியில் சொன்னார். பூ கேட்டேன், தலை விழுந்தது.

மறுநாள் அதே பெண் எதிரணியின் பழைய கேப்டனைத் தேடிப் பிடித்துக் காட்டினாள். முழங்கால் போய்க் கைத்தடி ஊன்றி நடக்கிற மனிதர். அவர் சொன்னதை ஒரு குரல் நம் பேச்சில் சொல்லிக்கொண்டே வந்தது. நான் பூ கேட்டேன், பூ விழுந்தது, அதனால் ஜெயித்தோம் என்றார்.

மாவு பிசைகிற மெஷினை நிறுத்திவிட்டு அப்படியே நின்றேன். இரண்டு பேரும் எப்படிப் பூ கேட்க முடியும்? ஒருத்தர் பூ கேட்டால் இன்னொருத்தருக்குத் தலைதானே? அது போகட்டும், விழுந்தது பூவா தலையா? கல்லாவைத் திரும்பிப் பார்த்தேன். மாமா பிஸ்கட் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்த பொட்டலங்கள்தான்.

நான் குழம்பிய இடத்தில் கால்பந்துச் சங்கத்துச் செயலாளர் குழம்பவே இல்லை. அன்று மதியமே கடைக்கு வந்துவிட்டார். “நம்ம கேப்டன் பூ கேட்டாரு. பூதான் விழுந்துச்சுன்னு அவங்க ஆளே ஒத்துக்கிட்டாரு. அப்ப ஜெயிச்சது யாரு?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மாமாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கண்டத்துத் தலைமைச் சங்கத்தில் முறையிடப் போகிறோம், அந்த இறுதி ஆட்டம் நமக்குச் சேரவேண்டியது என்றார்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. எங்கேயோ உதைக்கவும் செய்தது. நம்மவர் சொன்னதில் பாதியையும் அவர்கள் ஆள் சொன்னதில் பாதியையும் எடுத்து ஒட்டினால் முழு வெற்றி. மிச்சம் இருக்கிற இரண்டு பாதிகளை என்ன செய்வதாம்? தலை கேட்டுவிட்டுப் பூ கேட்டதாகச் சொல்லி ஏமாற்றியதாக எதிரணிக் கேப்டனைப் பத்திரிகைகள் திருடன் என்று எழுத ஆரம்பித்தன. சுவரெல்லாம் அவர் படம். அந்த நாட்டுக்காரர்கள் பதிலுக்கு என் மாமாவைப் புளுகுமூட்டை என்றார்கள்.

எங்கள் தெருவில் யாருக்கும் அதைப் பற்றிக் கவலையில்லை. சில்லறையைச் சுண்டினவனெல்லாம் இப்போது மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான். நான் துரத்தியவன்கூட வந்தான். நானும் சும்மா இருக்கவில்லை, பன்னின் மேல் சர்க்கரையில் இதழ் இதழாக வரைந்து பூ பன் என்று விற்றேன். என் மனைவி பெட்டியைத் திறந்து அப்பாவின் பழைய அணிக் கோட்டை எடுத்து இஸ்திரி போட்டாள். அவள் பாடிக்கொண்டே வேலை செய்வதைக் கல்யாணமான இத்தனை வருடத்தில் அந்த வாரம்தான் கேட்டேன். “அப்பாவை இப்ப ஒண்ணும் தோண்டித் துருவாதீங்க” என்று எனக்கு உத்தரவு வேறு.

மாமாதான் சரியாக இல்லை. கல்லாவில் மீதியைத் தப்புத் தப்பாகக் கொடுத்தார். சுவரில் இருந்த திருடன் சுவரொட்டி ஒன்றை நின்று நின்று பார்த்தார்.

நான் ஒரு மதியம், அடுப்பு தணிந்த பிறகு, மேஜையில் இரண்டு பன்களையும் ஒரு பிஸ்கட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்தப் பன் மாமா, அந்தப் பன் எதிரணிக் கேப்டன், பிஸ்கட் நாணயம். இவர் பூ என்றால் அவருக்குத் தலை. பிஸ்கட்டைத் திருப்பினேன். அவர் பூ என்றால் இவருக்குத் தலை. மறுபடியும் திருப்பினேன். எப்படித் திருப்பினாலும் ஒருத்தர் பொய் சொல்ல வேண்டியிருந்தது. பிஸ்கட்தான் ஓரமெல்லாம் உதிர்ந்தது.

மாமா எப்போது பின்னால் வந்து நின்றாரோ தெரியாது. மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். தன்னுடைய பன்னை எடுத்து மேஜை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

“இது சும்மா நின்னுச்சு” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“அந்த ஆளு பொய் சொல்லல, மாப்பிள்ள. என்னை யாரும் கேக்கவே இல்ல. நடுவர் அவரைப் பாத்துத்தான் கேட்டாரு. அவர் பூன்னாரு. பூ விழுந்துச்சு.”

மீதியை அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கால் இரண்டும் மரத்துப்போய்ச் சுவரில் சாய்ந்து நின்றிருக்கிறார். எல்லாம் ஒரு நொடியில் முடிந்துவிட்டது. வெளியே வந்ததும் அணி மேலாளர் சட்டைக் காலரைப் பிடித்து, “என்னடா கேட்டே?” என்றிருக்கிறார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை, என்ன கேட்டே என்றுதான் கேட்டிருக்கிறார். என்னைக் கேட்கவில்லை என்று சொன்னால், நீ ஏன் முந்திக்கொள்ளவில்லை என்று தோலை உரித்திருப்பார்கள். காதில் அந்த ஆள் சொன்ன பூ இன்னும் இருந்தது, அதுவே வாயில் வந்துவிட்டது. பூ கேட்டேன் என்று சொன்ன பிறகு, தோற்றதற்குத் தலைதானே விழுந்திருக்க வேண்டும்? அதையும் சொல்லிவிட்டார். இரண்டு நாள் திட்டிவிட்டு மறந்துவிடுவார்கள் என்று நினைத்தாராம்.

எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. தப்பாகக் கேட்டவர் என்று ஊர் உலகமெல்லாம் ஏசிய மனிதர் வாயையே திறக்கவில்லை. அந்த மேலாளர் மேல் கோபம் வந்தது, அவர் செத்துப் பல காலம் ஆயிற்று. நடுவர் மேல் வந்தது, அவரும் இல்லை. மிச்சம் மாமாதான் இருந்தார். அவர் மேலும் கொஞ்சம் வந்தது. கடைசியில் அத்தனை கோபமும் சேர்ந்து ஒரு பிடிவாதமாக ஆயிற்று.

“சொல்லாதீங்க மாமா. கேக்காததுக்கு இத்தனை வருஷம் திட்டு வாங்கினீங்க. அதே கேக்காததுக்கு இப்ப பாராட்டு வாங்கினா என்ன?”

“திட்டு என் மேல மட்டும்தான் விழுந்துச்சு. பாராட்டை நான் வாங்கினா, திட்டு அந்த ஆளு தலையிலதானே விழுது.”

உங்கள் மகளை நினைத்துப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். அவளைத்தான் நினைத்துக்கொண்டிருப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்து கல்லாவுக்குப் போனார். வீட்டில் நான் மூச்சு விடவில்லை. கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவளிடம் எதைப் போய்ச் சொல்வது?

சண்டை முற்றுவதைப் பார்த்துத் தலைமைச் சங்கம் ஒரு ஏற்பாடு செய்தது. அரையிறுதி தொடங்குமுன் நாணயம் சுண்டும்போது இரண்டு பழைய கேப்டன்களும் மைதானத்துக்கு நடுவில் நிற்பார்கள், கைகுலுக்கிக்கொள்வார்கள், உள்ளூர்க்காரர் என்பதால் மாமா தன் அணிக்காகக் கேட்பார். எங்கள் செயலாளர் அதில் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார். மைக்கில் மாமா ஒரே ஒரு வரி சொல்ல வேண்டும். அன்றைக்குப் பூ கேட்டது நான்தான் என்று சொன்னால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வாராம்.

மாமா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எனக்கோ அவர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு மனசு, சொல்லாமலிருந்தால் நல்லது என்று ஒரு மனசு. எது எந்த மனசு என்பதுகூட நடுநடுவே மாறிப்போயிற்று.

அரங்கம் நிரம்பி வழிந்தது. நானும் என் மனைவியும் முன் வரிசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம், எங்கள் நடுவில் மாமாவின் இடம் காலியாக இருந்தது. கோட்டில் மாமா நிமிர்ந்துதான் நடந்து போனார். எதிரிலிருந்து கைத்தடியோடு அந்தக் கேப்டன் வந்தார். கையை நீட்டினார், முகத்தைப் பார்க்கவில்லை. திருடன் என்று எழுதிய ஊரில் யார்தான் முகம் பார்ப்பார்கள்?

அறிவிப்பாளர் மைக்கை மாமாவின் வாயருகே பிடித்தார். நடுவர் நாணயத்தின் இரண்டு பக்கத்தையும் காட்டிவிட்டு, என்ன வேண்டும் என்பதுபோல் மாமாவைப் பார்த்தார். அரங்கம் முழுக்க பூ, பூ என்று கத்த ஆரம்பித்தது. என் மனைவியும் எழுந்து நின்று கத்தினாள். பூக்கேப்டன் மகள் பூ என்று கத்துவதைப் பார்த்ததும் நானும் எழுந்துவிட்டேன். சொல்லிவிடுங்கள் மாமா, அந்த ஒரு வரியைச் சொல்லிவிடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

மாமாவின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது.

“அன்னிக்குக் கேட்டது நான் இல்ல. இவருதான். பூ கேட்டாரு, பூ விழுந்துச்சு, ஜெயிச்சாரு. என்னை யாரும் கேக்கல.” கொஞ்சம் நிறுத்தினார். “இப்பதான் முதல் தடவையா என்னைக் கேக்கறாங்க.”

கத்தல் அங்கங்கே தொய்ந்துபோய் நின்றது. பக்கத்திலிருந்தவர் என்னிடம் என்ன சொல்கிறார் என்று கேட்டார், அவருக்குப் பின்னாலிருந்தவர் அவரைக் கேட்டார். யாரோ கைதட்டினார்கள், யாரோ ஊளையிட்டார்கள், ஒரே ஆள் இரண்டையும் செய்ததையும் பார்த்தேன். செயலாளர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். மைதானத்தில் மொழிபெயர்ப்பாளர் அந்தக் கேப்டனின் காதில் குனிந்து பேசினார். அவர் அப்போதுதான் மாமாவின் முகத்தைப் பார்த்தார்.

நடுவருக்கு இது எதுவும் தெரியாது. நாணயத்தை மறுபடியும் காட்டினார்.

“தலை” என்றார் மாமா.

நாணயம் மேலே போய்ப் புல்லில் விழுந்தது. நடுவர் குனிந்து பார்த்துவிட்டு எதிரணியின் பக்கம் கையைக் காட்டினார்.

என் மனைவி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “அப்ப அப்பா கேக்கவே இல்லையா? நாங்க பட்டதெல்லாம் எதுக்குங்க?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவள் அழுதாள். அவமானத்திலா நிம்மதியிலா என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது.

மாமா படியேறி வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தார். சுற்றியிருந்தவர்களில் பாதிப்பேர் அவரை முறைத்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“பூதாம்மா விழுந்துச்சு” என்றார். அவர் முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது. “தலை கேட்டேன். நானே கேட்டேன்.”