படத்தின் இடது ஓரம்

1

இந்தக் கதை ஒரு வாக்குவாதத்திலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான்கு வீடுகளில் நான்கு பேர் ஒரே படத்தை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, போனில் அரட்டை அடித்துக்கொண்டே பார்த்தோம். படத்தில் ஒரு அப்பா சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கிறார். வசனம் கிடையாது. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர் அழ ஆரம்பிக்கிறார்.

எங்களில் முன்வரிசை என்ற பட்டப்பெயர்க்காரர் கேட்டார்: "இந்தாளு ஏன் திடீர்னு அழறாரு?"

"பொண்ணு பெட்டியோட கிளம்பி நிக்குதே. அழாம என்ன பண்ணுவாரு?" என்றேன்.

"எந்தப் பொண்ணு?"

"வாசக்கதவுகிட்ட. இடது ஓரத்துல. காட்சி ஆரம்பிச்சதுலேருந்து அங்கதான் நிக்குது."

"சும்மா ஓட்டாதீங்க. அங்க யாருமே இல்ல."

சிரித்தோம். அவர் எங்களை ஓட்டுகிறார் என்று நாங்களும், நாங்கள் அவரை ஓட்டுகிறோம் என்று அவரும் நினைத்துக்கொண்டோம். படம் ஓடிக்கொண்டே இருந்தது.

(இந்த இடத்தில் "ஆனால் விதி வேறு மாதிரி" என்று ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். விதியைக் கூப்பிட்டால் நம் வேலை சுலபமாகிவிடும். அதனால்தான் அடித்தேன்.)

2

நாங்கள் யார் என்று சொல்லாமல் மேலே போவது மரியாதையில்லை.

ஒரு விமர்சனத்துக்குக் கீழே, படத்தைப் பார்க்காமலேயே திட்டிக்கொண்டிருந்த ஒருவரை நாங்கள் நாலு பேரும் தனித்தனியாகத் திட்டினோம். அவர் கிளம்பிவிட்டார், நாங்கள் தங்கிவிட்டோம். அப்படி உண்டானதுதான் 'ரிமோட் யார் கையில்' என்ற அரட்டைக் குழு. ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை.

டயாலிசிஸ் பிரிவில் நர்ஸாக இருப்பவர் சிஸ்டர். டைல்ஸ் கடையில் கணக்கு எழுதுபவர் இடைவேளை. எந்தப் படமானாலும் பாதியில் தூங்கிவிடுவார். எழுந்ததும் தன் ரத்த அழுத்தத்தை அளந்து எங்களுக்கு அனுப்புவார். செய்தியின் கடைசியில் முற்றுப்புள்ளி வைக்கும் ஒரே ஆள் நான் என்பதால் எனக்குப் புள்ளி என்று பெயர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், சின்ன வயதிலிருந்தே தியேட்டரில் முதல் வரிசையில் உட்கார்ந்து பழகியவர், முன்வரிசை.

குழுவில் பாதி நேரம் சினிமா, சீரியல். மீதி நேரம் உடம்பு. கொலைகாரன் யார் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவருக்கு முட்டி வலிக்கும். கொலைகாரனை விட்டுவிட்டு முட்டிக்கு வந்துவிடுவோம்.

இனி, முன்வரிசையைப் பற்றி நான் எழுதத் தொடங்கிப் பார்த்த விதங்கள்:

"மாநிறம். நடுத்தர உயரம். சிரித்தால் கன்னத்தில்" – நிறுத்திவிட்டேன். நான் அவரைப் பார்த்ததே இல்லை. குரல் பதிவு அனுப்புவார். வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத்தான் பேசுவார். பின்னால் இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருக்கும். என்னிடம் இருந்தது அந்தச் சத்தமும், எதைச் சொன்னாலும் "அட விடுங்க" என்று முடிக்கும் குரலும்தான்.

"குழந்தைகளை உயிராக நேசித்த ஒரு ஓட்டுநர்" – இதை எழுதி அவருக்கே அனுப்பினேன். (ஆமாம், அவர் இதைப் படிக்கிறார். அவர் சம்மதம் இல்லாமல் ஒரு வரிகூட இல்லை.) பதில் வந்தது: "புள்ளி, உயிரா எல்லாம் நேசிக்கல. சீட்ல பபிள்கம் ஒட்டுவானுங்க. பத்திரமா எறக்கி விடுவேன், அவ்ளோதான்."

அவ்வளவுதான். அதையே வைத்துக்கொள்கிறேன்.

3

அதற்கப்புறம் ஒரு பாட்டுப் போட்டி நிகழ்ச்சி. மூன்று நடுவர்கள். "ரெண்டு பேர் சேந்துகிட்டு அந்தப் பையனை வெளிய அனுப்பிட்டாங்க" என்று முன்வரிசை கொதித்தார். "மூணாவது அம்மா காப்பாத்தப் பாத்தாங்களே" என்றார் இடைவேளை. "அவங்க இன்னிக்கு வரவே இல்லையே!" என்றார் முன்வரிசை.

வந்திருந்தார். இடது கோடி நாற்காலியில், பளீரென்ற மஞ்சள் உடையில்.

சிஸ்டர் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார். "புள்ளி, அண்ணன் தவறவிடறது எல்லாம் ஒரே பக்கமா இருக்கு. கவனிச்சியா?"

"எந்தப் பக்கம்?"

"இடது. ரெண்டு மாசம் முன்னாடி தலைவலின்னு சொன்னாரு, ஞாபகம் இருக்கா? நாம கண்ணாடிய மாத்துங்கன்னு சொன்னோம்."

ஞாபகம் இருந்தது. அன்று நாங்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னோம். தைலத்தில் ஆரம்பித்து தலையணையை மாற்றுவது வரை.

மறுநாள் சிஸ்டர் குழுவில் ஒரு போட்டோ போட்டார். அவர் வார்டில் யாரோ ஓய்வு பெறும் நாளில் எடுத்த குரூப் போட்டோ. "போட்டி! இதுல எத்தனை பேர் கண்ணை மூடியிருக்காங்க? சட்டுனு பாத்து சொல்லணும்."

"மூணு" என்றார் இடைவேளை.

"மூணு" என்றேன் நான்.

"ஒண்ணுதான்" என்றார் முன்வரிசை. "வலது பக்கம் வழுக்கைத் தலை. வேற யாரு?"

மற்ற இரண்டு பேரும் இடது பக்கம் அடுத்தடுத்து நின்று, அழகாகத் தூங்குவதுபோல் கண்ணை மூடியிருந்தார்கள். விஷயம் தெரியாத இடைவேளை, "அண்ணே, நீங்களும் கண்ணை மூடிட்டுத்தான் பாத்தீங்களா?" என்று சிரித்தார்.

சிஸ்டர் சிரிக்கவில்லை. "அண்ணா, தப்பா நெனக்காதீங்க. வண்டில இடது பக்கம் எங்கயாவது உரசுச்சா சமீபத்துல?"

அவர் தட்டச்சு செய்வதாகக் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது.

"ஸ்கூல் கேட்ல ஒருதடவ. கேட்டு குறுகல். எதுக்கு?"

"நாளைக்கே ஒரு டாக்டரைப் பாருங்க. அதுவரைக்கும் வண்டிய எடுக்காதீங்க. ப்ளீஸ்."

"பதினெட்டு வருஷமா ஓட்டறேன் சிஸ்டர். படத்துல ஒரு பொண்ணைப் பாக்கலைன்னு என் பொழப்புல கை வைக்கறீங்களா?"

அடுத்து வந்தது ஆள் எழுதியதில்லை. 'முன்வரிசை குழுவிலிருந்து வெளியேறினார்' என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி.

4

[இங்கே அவர் கோபத்துக்குக் காரணமாக ஒரு கடனை உருவாக்கி வைத்திருந்தேன், வேனுக்கு வாங்கியதாக. எடுத்துவிட்டேன். பயப்பட ஒரு மனிதனுக்குக் கடன் வேண்டியதில்லை.]

மூன்று பேரானோம்.

"ஸ்கூலுக்குச் சொல்லிடலாம்" என்றார் சிஸ்டர். முன்வரிசை எப்போதோ அனுப்பிய போட்டோவில் வேனின் பக்கவாட்டில் பள்ளியின் பெயர் தெளிவாக இருந்தது.

"அது காட்டிக்குடுக்கறது" என்றார் இடைவேளை. "நம்மகிட்ட நம்பிப் பேசினாரு. நமக்கென்ன தெரியும்? நாம டாக்டரா? ஒரு படமும் ஒரு போட்டோவும் பாத்துட்டு ஒருத்தர் வேலைய எடுத்துடலாமா?"

"வண்டிக்குள்ள குழந்தைங்க இருக்காங்க."

"இத்தனை நாளும் இருந்தாங்க. ஒண்ணும் ஆகலையே."

"ஆனதுக்கப்புறம் போன் பண்றதா?"

நான் என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். முதல் வரைவில் எனக்கு நல்ல வசனம் ஒன்று கொடுத்திருந்தேன். உண்மையில் நான் "ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்." என்று எழுதினேன். முற்றுப்புள்ளியோடு.

அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை. பள்ளி அலுவலகத்தில் யாரும் போனை எடுக்கவில்லை. சாயங்காலம் சிஸ்டர் ஒரு காரியம் செய்தார். இத்தனை வருஷத்தில் எங்களில் யாருமே செய்யாத காரியம். முன்வரிசையின் எண்ணைக் கூப்பிட்டார்.

எடுத்தது ஒரு பெண் குரல். "அவர் குளிக்கறாருங்க. நீங்க யாரு?"

எங்களுக்கு அவர் பெயர் தெரியாது, அவருக்கு எங்கள் பெயர் தெரியாது. கடைசியில் சொன்னாராம்: "நாங்க அவரோட சேந்து படம் பாக்கறவங்க."

"ஓ, நீங்களா?" என்றதாம் அந்தக் குரல். "சிஸ்டரா? புள்ளியா?"

முன்வரிசையின் மனைவி. எங்கள் எல்லாரையும் அவருக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்குத்தான் அவரைத் தெரியவில்லை.

சிஸ்டர் பொறுமையாக விஷயத்தைச் சொன்னார். முடிந்ததும் அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: "இடது தோள்ல எப்பப் பாத்தாலும் கன்னிப்போய் இருக்கும்மா. கதவு நிலைல இடிச்சுக்கறாரு. என்ன அவசரம்னு நான் திட்டுவேன்." அப்புறம், "நான் பேசறேன். இன்னிக்கே பேசறேன்."

"நாளைக்குக் காலைல அவரா சொல்லலைன்னா நான் ஸ்கூலுக்குச் சொல்லிடுவேன். உங்ககிட்ட மறைக்க விரும்பல."

"சொல்லுங்க" என்றார் அந்த அம்மா. "நானும் அதத்தான் சொல்லுவேன்."

5

அடுத்த நாள் காலைக்கு என்னிடம் மூன்று வடிவங்கள் இருந்தன.

ஒன்று: சிஸ்டர் சொன்னதைக் கேட்டு அவர் வண்டிச் சாவியை எடுக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போகிறார். இப்படி எழுதினால் எல்லாருக்கும் நிம்மதி. இரண்டு: விபத்து. இதை எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்க என் முகத்தையே எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று: நடந்தது.

நடந்ததை எழுதவா என்று முன்வரிசையிடம் தயங்கிக் கேட்டேன். "எழுதுங்க" என்றார். "அத எடுத்துட்டா நான் நல்லவனாயிடுவேன். வேணாம்."

நடந்தது இது. அவர் வண்டியை எடுத்தார். வீட்டில் பெரிய சண்டை. "இன்னிக்கு ஒருநாள் மட்டும், மாத்து ஆள் இல்ல, குழந்தைங்க ரோட்ல நிக்கும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். குழந்தைகளை ஏற்றி இறக்கும் ஆயாம்மாவை முன்னால் இடது பக்கம் உட்காரச் சொன்னார். "எனக்கு இன்னிக்கு கழுத்து சுளுக்கு. இந்தப் பக்கம் ஏதாவது வந்தா சொல்லுங்க." பொய் சொல்லும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டதாம், சிஸ்டர் சொன்னதைத் தான் நம்ப ஆரம்பித்துவிட்டோம் என்று.

வண்டி நிறைந்திருந்தது. ஒரு நாற்சந்தியில் இடது பக்கம் திரும்ப ஸ்டீயரிங்கை ஒடித்தார். சாலை காலியாக இருந்தது. அவருக்குக் காலியாக இருந்தது.

"ஐயோ, நிறுத்துங்க!" என்று அலறினார் ஆயாம்மா.

பிரேக் அடித்தார். பின்னால் புத்தகப் பைகள் சரிந்தன. தலையை நன்றாகத் திருப்பிப் பார்த்தபோதுதான் சைக்கிள் தெரிந்தது. பின்சீட்டில் ஒரு கட்டு செய்தித்தாளோடு ஒரு பெண். ஒரு காலைத் தரையில் ஊன்றி, வண்டியின் முன்பக்கத்தைக் கையால் தொடும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். திட்டக்கூட இல்லை. அவரையே பார்த்தாள்.

அவர் வண்டியை ஓரங்கட்டினார். இஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்து ஆயாம்மா கையில் கொடுத்தார். பள்ளிக்குப் போன் செய்தார். "வேற வண்டி அனுப்புங்க. எனக்குக் கண்ணு சரியில்ல. இல்லீங்க, இன்னிக்கு மட்டும் இல்ல."

கொஞ்ச நேரத்தில் சிஸ்டர் பள்ளிக்குப் பேசியபோது, "அவரே இப்பத்தாம்மா சொன்னாரு" என்றார்களாம்.

மாற்று வண்டி வரும்வரை அவர் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். பெட்ரோல் தீர்ந்துபோச்சா என்று ஒருவன் கேட்டான். "ஆமாடா" என்றாராம். இதையெல்லாம் சொல்லி எங்களுக்கு அனுப்பிய குரல் பதிவில் இந்த இடத்தில் அவர் நிறுத்துகிறார். இண்டிகேட்டர் சத்தம் இல்லாத முதல் பதிவு அது.

6

கண்ணில் கோளாறு இல்லை. ஸ்கேனில் தெரிந்தது, மூளையின் பின்பக்கத்தில் ஒரு சின்ன ஸ்ட்ரோக், பழையது. தலைவலி வந்த அன்றைக்கு நடந்திருக்கலாம். அடுத்தது வராமல் இருக்க மாத்திரை கொடுத்தார்கள். வந்திருந்தால் இவ்வளவு சின்னதாக இருந்திருக்காது என்றார் டாக்டர். போன பார்வை பெரும்பாலும் திரும்பாது. வண்டி ஓட்டக் கூடாது.

"எனக்கு எப்படிங்க தெரியாமப் போச்சு?" என்று கேட்டிருக்கிறார்.

டாக்டர் சொன்ன பதிலை அவர் எங்களுக்கு அப்படியே சொன்னார்: "அந்தப் பக்கம் இருட்டா இருந்தா தெரிஞ்சிருக்கும். இருட்டா இல்ல. அப்படி ஒரு பக்கமே இல்லைன்னு ஆயிடுச்சு."

இதைக் கேட்ட பிறகு என் வரைவுகளை எடுத்துப் படித்தேன். முதல் இரண்டில் அவர் மனைவியே இல்லை. நான்கு நண்பர்கள், ஒரு வேன், ஒரு தார்மீகச் சிக்கல். கச்சிதமாக இருந்தது. குறை எதுவும் கண்ணில் படவில்லை. சிஸ்டர் கூப்பிட்டபோது ஒரு பெண் போனை எடுத்த அந்த ஒரு நிமிடத்தை எழுதும்போதுதான், இத்தனை வருஷமாக அவர் வீட்டுச் சோபாவில் இன்னொரு ஆளும் உட்கார்ந்து எல்லாப் படத்தையும் பார்த்திருக்கிறார் என்பது எனக்கு உறைத்தது.

இப்போது பள்ளியில் அவருக்குக் கேட்டுக்குப் பக்கத்தில் வேலை. வண்டிகளை வரிசையாக அனுப்புகிறார். பிடிக்கிறதா என்று கேட்டேன். "பிடிக்கல" என்றார். வழக்கமாக அடுத்து வரும் "அட விடுங்க" வரவில்லை.

7

குழுவில் திரும்பச் சேர்ந்துவிட்டார். கூடவே மனைவியும் சேர்ந்தார். அந்த அம்மா வைத்துக்கொண்ட பெயர் 'பக்கத்து சீட்'. எங்கள் எல்லாரையும்விட வேகமாகத் தட்டச்சு செய்கிறார். யார் கொலைகாரன் என்பதை முதலிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்.

போன வாரம் அவர் சும்மா பேச்சுவாக்கில் எழுதியது: "சோபால நான் எப்பவுமே அவருக்கு இடது பக்கம்தான். கல்யாணம் ஆனதுலேருந்து அப்படித்தான். இத்தனை மாசம் நான் சிரிச்சாலும் திரும்பல, அழுதாலும் திரும்பல. என்மேல ஏதோ கோபம்னு நெனச்சேன். கேக்கவும் பயமா இருந்துச்சு."

இடைவேளைகூட ரத்த அழுத்தம் அனுப்பவில்லை.

"அக்கா, இனிமே வலது பக்கம் உக்காருங்க" என்றார் சிஸ்டர். "அவருக்கு நல்லாத் தெரியுவீங்க."

முன்வரிசை குறுக்கிட்டார்: "வேணாம். தலைய இடது பக்கம் திருப்பித் திருப்பிப் பழகச் சொல்லியிருக்காங்க. இவ அங்கயே உக்காரட்டும். நான் திரும்பிப் பாத்துக்கறேன்."

"மறந்துட்டா?" என்று கேட்டார் பக்கத்து சீட். இருவரும் ஒரே அறையில் இருந்துகொண்டு, எங்கள் முன்னால் எழுதிக் கேட்டுக்கொண்டார்கள்.

அவர் பதில் எழுதவில்லை. நேரில் சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருந்திருக்கலாம்.

நானும் கேட்கவில்லை. வலது பக்கம் என்று முடித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது, ஆனால் அந்த அம்மா தோற்றுப்போன மாதிரியும் இருந்தது. இடது பக்கம் என்று முடித்தேன். படிக்க அழகாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் அவர் திரும்புவாரா என்று காத்துக்கொண்டு உட்காரப் போவது நான் இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான்கு வீட்டிலும் படம் தயார். முன்வரிசை சோபாவின் நடுவில் உட்கார்ந்திருக்கிறார், இரண்டு பக்கமும் இடம் விட்டு. சமையலறையில் விளக்கை அணைத்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே அந்த அம்மா வருகிறார். சோபாவுக்கு முன்னால் வந்து ஒரு கணம் நிற்கிறார்.

நான் இதோடு நிறுத்திக்கொள்கிறேன். எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று என்னால் அவருக்குச் சொல்ல முடியவில்லை. முன்வரிசை, நீங்கள் ஒரு பக்கம் நகர்ந்து இடம் கொடுங்கள்