நாளை யார் கயிறு பிடிப்பது

1

ஏலக்காய் கேட்டு அடுத்த வீட்டுக்குப் போன இடத்தில், கொஞ்ச நேரம் முன்புதான் இந்தக் கதை கிடைத்தது. ஜோர்டான் பாலைவனத்தில் இந்த வாதி ரம்முக்கு வந்து பதினோரு வருஷம். ஏலக்காய் மட்டும் எனக்கு எப்போதும் தீர்ந்துபோகிறது. நவ்ஃப் கொடுத்தாள். அவள் கணவன் முத்லக், நாளை இரண்டு வெளிநாட்டுக்காரர்களைப் பாறையேறக் கூட்டிப்போகத் தயாராகிக்கொண்டிருந்தான்.

முதல் வரி: 'அந்தி வெயிலில் பாறைகள் நாணிச் சிவக்க…'

(அடித்துவிட்டேன். இங்கே பாறையைப் பார்க்கிறவர்கள் மழை பெய்து எத்தனை நாளாச்சு என்றுதான் யோசிப்பார்கள். இது மணற்பாறை, ஈரமாயிருந்தால் பிடித்த கையோடு பெயர்ந்து வந்துவிடும்.)

2

மறுபடியும். முத்லக் கயிற்றை முழம் முழமாக விரல்களுக்கிடையில் ஓட்டி, எங்காவது நைந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறான். நவ்ஃப் எதிரே உட்கார்ந்து, அவன் பார்த்து விட்டதை மறுபடி தடவுகிறாள்.

"நான் பாத்தத நீ எதுக்குப் பாக்குற?"

"போன தடவையும் நீங்கதான பாத்தீங்க, நாயிஃப் அப்பா."

"அது கயித்து மேல தப்பில்ல."

"தெரியும். பிடிச்சவன் மேல. உங்க சித்தப்பா மகன் போன்ல ஒட்டகத்துக்கு விலை பேசிட்டு இருந்தான்."

போன வசந்தத்தில் முத்லக் விழுந்து தோள் விலகியது. அதற்குப்பின் நாளைதான் முதல் ஏற்றம். ஏறுகிறவன் கால் தவறினால் தாங்கிக்கொள்ளக் கீழே நின்று கயிறு பிடிக்கப்போவது அதே சித்தப்பா மகன், அவுதா.

3

நவ்ஃபை எப்படி எழுதுவது? என் வழக்கமான கதை என்றால் இந்த இடத்தில் அவள் அழ, அவன் கண்ணீரைத் துடைத்து, மெல்ல… (போதும்.) அவள் மாவும் உப்பும் தேயிலையும் மூட்டை கட்டினாள். அவ்வளவுதான்.

[ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். அவளுக்குக் கயிறு பிடிக்கத் தெரியும். கல்யாணமான புதிதில் அவனே சொல்லிக்கொடுத்தது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பாறையோடு நின்றுபோனது.]

முத்லக் எங்கள் இருவருக்கும் காபி ஊற்றினான். நான் குடித்தேன். நவ்ஃப் குடிக்காமல் குவளையைத் தரையில் வைத்தாள்.

இங்கே பெண் கேட்டு வருகிறவர்கள் அப்படித்தான் வைப்பார்கள். கேட்டதைத் தருகிறேன் என்று வீட்டுக்காரர் வாயால் வரும்வரை தொடமாட்டார்கள்.

"நீ என்ன விருந்தாளியா?"

"வீட்டுக்காரியாக் கேட்டா உங்க காதுல விழல. விருந்தாளியாக் கேக்குறேன்."

"என்ன வேணும்?"

"நாளைக்குக் கயிறு நான் பிடிக்கணும்."

"ஊர் என்ன பேசும் தெரியுமா? அவுதா மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

"நீங்க விழுந்தப்போ ஊரா வந்து தோளுக்கு எண்ணெய் தேய்ச்சுது?"

4

முடிவு ஒன்று: 'குடி' என்கிறான். நாளை அவுதா ஜீப் ஓட்ட மட்டும் வருகிறான்.

முடிவு இரண்டு: சிரித்து மழுப்புகிறான். அவள் எழுந்து, காபியை வாசல் மணலில்…

எழுத முடியவில்லை. புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் உட்கார்ந்திருக்கக் கூச்சப்பட்டு எழுந்து வந்துவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னும் பேச்சுச் சத்தம் இல்லை. முத்லக் சொல்லவேண்டியது ஒரே வார்த்தை. அவனுக்காக நீங்கள்தான் சொல்லிப் பாருங்களேன். ரொம்ப யோசிக்காதீர்கள், எங்கள் ஊர்க் குவளை சின்னது, சூடு அதிக நேரம் தாங்காது.