அக்காவின் பெயரில்

பெற்றோர் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தங்கள் பெயர் வந்த கதையைச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்தவள் நான்தான். யாரையும் நொந்துகொள்ள வழியில்லை. எனக்கான குழியை நானே தோண்டிக்கொண்டேன்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாமார் கூட்டத்துக்கு வந்தால் வாயே திறப்பதில்லை. தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் ஊர்க்கதை முழுக்கப் பேசுகிறவர்கள், வகுப்புக்குள் கால் வைத்ததும் ஊமையாகிவிடுவார்கள். அதனால் சுலபமாக ஒரு கேள்வி யோசித்தேன். சொந்தக் கதையைச் சொல்லிப் பழகினால் மனசு திறக்கும் என்று பெரிய விளக்கம் வேறு கொடுத்தேன். சொந்தக் கதையைப் பற்றிப் பேச நான்தான் கிடைத்தேன், பாருங்கள்!

நான் நாகலெட்சுமி டீச்சர். வட்டகொடைக்குப் பக்கத்தில் உள்ள இந்தத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்து ஒரு வருஷம் ஆகிறது. என் அக்கா வாழ்க்கைப்பட்ட தோட்டம் இது. அவளுடைய கடைசி மகள் சுலக்ஷனா என் வகுப்பில்தான் படிக்கிறாள். ஆனால் சுலக்ஷனாவின் அம்மா எனக்கு அக்கா என்று இங்கே யாருக்கும் தெரியாது. தங்கச்சி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பதிவேட்டில் அவள் பெயர் வினோதா, வயதும் என்னைவிடக் குறைவு. நாலு பேர் முன்னால் அவளை "வாம்மா, போம்மா" என்றுதான் கூப்பிடுவேன்.

"டீச்சர விட தங்கச்சிக்குத்தான் வயசு கூடத் தெரியுது" என்று பெண்கள் கேலி செய்வார்கள்.

"மலையில காயிறவ வேற எப்படிடி இருப்பா?" என்று அவளும் சேர்ந்து சிரிப்பாள். நான் கரும்பலகையைத் துடைக்கத் திரும்பிக்கொள்வேன்.

உண்மையில் நாகலெட்சுமி அவள். வினோதா நான்.

நாங்கள் பிறந்த தோட்டத்தில் அப்பா அவளுக்கு மட்டும்தான் பிறப்புப் பத்திரம் எடுத்து வைத்திருந்தார். என்னைப் பதியவில்லை. அம்மா படுக்கையில் விழுந்ததும் அக்கா நாலாம் வகுப்போடு நின்றுவிட்டாள். நான் ஆறாம் வகுப்புக்கு டவுன் பள்ளிக்கூடம் போனபோது பத்திரம் கேட்டார்கள். "அவளோடது சும்மாதானே கெடக்கு" என்று அப்பா அதையே நீட்டினார். அதற்குப் பிறகு பரீட்சை, அடையாள அட்டை, வேலைக் கடிதம், எல்லாமே அந்தப் பெயரில்தான். அக்கா முப்பது வயது வரை ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல் இருந்தாள். பிறகு, காலம் கடந்து பிறப்பைப் பதிந்தபோது, மிச்சம் கிடந்த என் பெயரையும் வயதையும் எடுத்துக்கொண்டாள். எல்லாம் அப்பா செய்தது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தில் முதலில் வேலாயி எழுந்தாள். "கொலசாமி பேருங்க" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அடுத்தது அக்கா.

"எம்பேரு வினோதா" என்று ஆரம்பித்தாள்.

"நான் பொறந்த அன்னைக்கு அடைமழையாம். எங்கப்பா அம்மாவுக்குக் கசாயம் வைக்கக் கொத்தமல்லி வாங்க தலவாக்கலை டவுனுக்குப் போயி, போட்டோ புடிக்கிற கடையில ஒதுங்கி நின்னுருக்காரு. அங்க ஒரு சின்னப் புள்ள படம். கவுன் போட்டு, சிரிச்சிக்கிட்டு. இந்தப் புள்ள பேரு என்னங்கன்னு கேட்டாராம். வினோதான்னாங்களாம். நம்ம புள்ளையும் இப்படிச் சிரிச்சிக்கிட்டு இருக்கட்டும்னு நெனச்சவரு, கொத்தமல்லிய மறந்துட்டு பேரோட வந்து நின்னாராம்."

எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். அது என் கதை. அதுவரை நான் கேட்டதே இல்லை. அப்பா எனக்காக ஒரு பெயரைத் தேடிக் கொண்டுவந்தார் என்பதை நாற்பத்தைந்து வயதில், அக்கா வாயால் தெரிந்துகொண்டேன். என் பெயரை அவள் கதையோடு பத்திரமாக வைத்திருந்தாள். நான் அவள் பெயரை வைத்துச் சம்பாதித்துக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், இப்ப நீங்க சொல்லுங்க" என்றாள் ஜெனிதா என்ற இன்னொரு அம்மா.

நாகலெட்சுமி என்ற பெயர் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன்.

"டீச்சருக்கு வேல கெடக்கும், விடுங்கடி" என்று அக்கா குறுக்கே விழுந்தாள். இப்போதும் அவள்தான் என்னைக் காப்பாற்றப் பார்த்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. வாயைத் திறந்தேன். யாராவது மேலிடத்துக்கு ஒரு கடிதம் போட்டால் வேலை போய்விடும் என்று தெரிந்தேதான் பத்திரக் கதை முழுவதையும் சொன்னேன். அதோடு நின்றிருக்கலாம். அக்காவுக்கும் தெரியாத ஒன்று பாக்கி இருந்தது. அதையும் சொன்னேன்.

யுத்த காலம். நான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஹட்டனுக்குப் போன பஸ்ஸை ஆமிக்காரர்கள் மறித்து, அடையாள அட்டை இல்லை என்று அக்காவைப் பிடித்து வைத்துவிட்டார்கள். அட்டை உள்ள சொந்தக்காரர் யாராவது வந்து சொன்னால் விடுவார்களாம். வீட்டில் அட்டை இருந்தது என்னிடம் மட்டும்தான். "வந்து, இது என் அக்கான்னு ஒரு வார்த்த சொல்லும்மா" என்று அப்பா கெஞ்சினார். போனால் இருவருக்கும் ஒரே பெயர் என்பது வெளியே வந்துவிடும், பரீட்சை எழுத முடியாது. காய்ச்சல் என்று சொல்லிக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். உடம்பு சில்லென்றுதான் இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் அவளை விட்டார்கள்.

நான் சொல்லி முடித்ததும் அக்கா சுலக்ஷனாவின் பாடக் கொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

பின்னாலேயே ஓடினேன். மற்றப் பெண்கள் வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். "நாகலெட்சுமி!" என்று கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. அந்தப் பெயரில் அவளை யாரும் கூப்பிட்டே எத்தனையோ வருஷமாகிறது.

"அக்கா!" என்று கத்தினேன்.

நின்றாள். நான் கிட்டே போனேன்.

"அப்ப ஒனக்குக் காய்ச்சல் இல்லையா?"

"இல்லக்கா."

"அவங்க விட்டு வீட்டுக்கு வந்ததும் வராததுமா, ஒனக்குத்தானேடி மொதல்ல கஞ்சி வச்சேன்."

"குடிச்சேன்க்கா" என்றேன். அதற்கு மேல் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் அவள் என்னை விட்டுப் போகவில்லை.